ஆலிஸ் கதையில படமும் சொல்ற விதமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பசங்களுக்குக் கதை வாசிச்சுக் காட்டறவங்க, பிறந்தநாளுக்குப் புக் வாங்கித் தரணும்னு தேடறவங்க, சின்ன வயசுல பாதில மூடி வெச்சவங்கன்னு பல பேர் இந்த ஒரு புக்கப் பத்தியே திரும்பத் திரும்பக் கேக்கறாங்க. அதனால மொத்தமா ஒரே இடத்துல எழுதிடறேன். லூயிஸ் கரோல் எழுதின 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' தான் விஷயம், பெரும்பாலும் அதோட படங்களப் பத்தி, கதை சொல்ற தொனியப் பத்தி.

நான் சினிமா மட்டும்தான் பாத்திருக்கேன். கதை என்னன்னு சுருக்கமா சொல்லுங்களேன்?

ஆத்தங்கரையில அக்கா பக்கத்துல போரடிச்சு உக்காந்திருக்கற ஒரு பொண்ணு, கோட்டு போட்ட வெள்ளை முயல் ஒண்ணு கடிகாரத்த எடுத்துப் பாத்துக்கிட்டு ஓடறதப் பாத்து அது பின்னாடியே பொந்துக்குள்ள குதிச்சிடறா. உள்ள எதையாவது குடிச்சா சின்னதாயிடறா, தின்னா பெருசாயிடறா. பேசற புழு, சிரிக்கற பூனை, முடியவே முடியாத டீ பார்ட்டி, சீட்டுக்கட்டு ராணி, கடைசில ஒரு கோர்ட் கேஸ். எல்லாம் கனவுன்னு கடைசி அத்தியாயத்துலதான் தெரியும்.

இது 1862 ஜூலை 4 அன்னிக்கு ஆக்ஸ்ஃபோர்டுல படகுல போகும்போது மூணு சிறுமிகளுக்கு வாயால சொன்ன கதை. சொன்னவர் சார்ல்ஸ் டாட்ஜ்சன், காலேஜுல கணக்கு வாத்தியார், லூயிஸ் கரோல்ங்கறது அவரோட புனைபெயர். 1865ல மெக்மில்லன் புத்தகமா போட்டாங்க, ஜான் டென்னியல் வரைஞ்ச 42 படங்களோட.

எழுத்து மட்டும் போதாதா? படம் இல்லாத பிடிஎஃப்ல படிச்சா என்ன நஷ்டம்?

இந்தப் புக்குல நிஜமாவே நஷ்டம்தான். ஏன்னா எழுதினவரே பாதி வேலைய படத்துகிட்ட விட்டுட்டாரு. கிரிஃபன்னு ஒரு மிருகம் வரும், அது எப்படி இருக்கும்னு ஒரு வரி கூட வர்ணிக்க மாட்டாரு, தெரியலன்னா படத்தப் பாத்துக்கோன்னு அடைப்புக்குறிக்குள்ள சொல்லிட்டுப் போயிடுவாரு. கோர்ட் சீன்ல ராஜா நீதிபதி விக்கு மேலயே கிரீடத்தையும் வெச்சிருப்பாரு, அது எப்படி முடியும்னு தெரியணும்னா முன்பக்கப் படத்தப் பாருன்னு இன்னொரு அடைப்புக்குறி. படம் இல்லாத பிரதியில இந்த ரெண்டு வரியும் சுவத்தப் பாத்துக் கை காட்டிட்டு நிக்கும்.

ஆலிஸ் கூட எப்படி இருப்பான்னு புக்குல ஒழுங்கா சொல்லவே இல்ல, தேடிப் பாருங்க. தன் தலைமுடி சுருட்டை இல்லைன்னு ஒரு இடத்துல அவளே நினைச்சுப்பா, முடி வெட்ட வேண்டியிருக்குன்னு டீ பார்ட்டில வர்ற தொப்பிக்காரர் ஒரு இடத்துல சொல்லுவாரு, அவ்வளவுதான். நம்ம மனசுல இருக்கற ஆலிஸ் முழுக்க முழுக்க டென்னியல் போட்ட ஆலிஸ்.

தொனி, தொனின்னு சொல்றீங்க. இந்தக் கதைக்கு என்ன தொனி?

ஊர்ல சில பெரியவங்க இருப்பாங்க, முகத்துல ஒரு சிரிப்பு கூட இல்லாம மலை முழுங்கற புளுகு ஒண்ண விடுவாங்க, நீங்க சிரிச்சா "என்னத்துக்கு சிரிக்கற"ன்னு கேப்பாங்க. இந்தக் கதை சொல்றவர் அந்த ரகம்.

ஆலிஸ் பொந்துல விழற இடத்த எடுத்துக்கோங்க. நடந்தது நிஜமா பாத்தா கொடூரம், ஒரு குழந்தை ஆழம் தெரியாத கிணத்துல விழுந்துக்கிட்டிருக்கு. ஆனா கதை சொல்றவர் கத்த மாட்டாரு. சுவத்துல அலமாரி இருக்கு, மேப் மாட்டியிருக்கு, போற போக்குல ஆலிஸ் ஒரு ஆரஞ்சு ஜாம் பாட்டில எடுத்துப் பாக்கறா, காலியா இருக்கேன்னு வருத்தப்படறா, கீழ போட்டா யார் தலையிலயாவது விழுந்து செத்துட்டா என்ன பண்றதுன்னு விழுந்துக்கிட்டே பக்கத்து அலமாரில பத்திரமா வெக்கறா. இவ்வளவு தூரம் விழுந்தாச்சு, இனிமே வீட்டுக் கூரைலேர்ந்து விழுந்தாலும் வாய் திறக்க மாட்டேன்னு பெருமையா நினைச்சுக்கறா. உடனே அடைப்புக்குறிக்குள்ள கதை சொல்றவர், அது அனேகமா உண்மைதான்ங்கறாரு. கூரைலேர்ந்து விழுந்தா வாய் எப்படித் திறக்கும்! சாவப் பத்தின ஜோக் அது, பெரியவங்களுக்கு ஒரு செகண்ட் கழிச்சு உறைக்கும், சின்னப் பசங்க சில பேர் தாண்டிப் போயிடுவாங்க, சில பேர் நிறுத்தி நம்ம மூஞ்சியப் பாப்பாங்க.

பயம், அபாயம், சாவு எல்லாம் கதையில இருக்கு. சொல்ற குரல்ல மட்டும் அது கிடையாது. இந்த இடைவெளிதான் மொத்த புக்கும்னு நான் நினைக்கறேன், படம் போடறவர் இந்த இடைவெளிய விட்டு வெக்கறாரா இல்ல அடைச்சுடறாராங்கறதுதான் கேள்வியே.

டென்னியல் யாரு? குழந்தைங்க புக் ஓவியரா?

இல்ல, பஞ்ச்ங்கற லண்டன் நகைச்சுவைப் பத்திரிகையோட அரசியல் கார்ட்டூனிஸ்ட். நாடுங்கள சிங்கமா, கரடியா வரைஞ்சு பழகின கை. கோட்டு போட்ட மிருகத்த கூச்சமில்லாம சீரியஸா வரைய அவர விட்டா அப்போ ஆளில்ல. சின்ன வயசுல அப்பாவோட வாள் சண்டைப் பயிற்சி பண்ணும்போது அடிபட்டு ஒரு கண்ணுல பார்வை போயிடுச்சு, அதோடயேதான் இத்தனையும் வரைஞ்சாரு. ஆலிஸ் படங்களுக்கு அவருக்குக் கிடைச்ச சம்பளம் 138 பவுண்டு.

கரோலே படம் வரைஞ்சார்னு கேள்விப்பட்டேனே?

ஆமா. கதை கேட்ட பொண்ணு ஆலிஸ் லிட்டலுக்கு, கையால எழுதி 37 படமும் தானே வரைஞ்சு, 1864 நவம்பர்ல பரிசா குடுத்தாரு. அந்தக் கையெழுத்துப் பிரதி இப்போ பிரிட்டிஷ் லைப்ரரில இருக்கு. அதுல டீ பார்ட்டி கிடையாது, சிரிக்கற பூனையும் கிடையாது, அதெல்லாம் அச்சுக்குப் போகும்போது சேத்தது.

ரெண்டு பேரோட படங்களையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா என்ன வித்தியாசம் தெரியும்?

இதத்தான் நான் எல்லாருக்கும் செஞ்சு பாக்கச் சொல்லுவேன். ஆலிஸ் முயலோட வீட்டுக்குள்ள போயி எதையோ குடிச்சு அந்த ரூம் கொள்ளாம வளந்துடற சீன் இருக்கில்ல, அத ரெண்டு பேரும் வரைஞ்சிருக்காங்க.

கரோல் படத்துல ரூமே கிடையாது. ஜன்னல் இல்ல, கதவு இல்ல, சும்மா ஒரு கட்டம், அதுக்குள்ள தலைய மடிச்சு முட்டிய மடக்கி ஒரு பொண்ணு அடைஞ்சு கிடக்கா. படத்தோட ஓரக்கோடுதான் சுவரு. முகத்துல சோகம், முடி பரந்து கிடக்கு. கை பழகாத கைதான், கோணலும் மாணலுமா இருக்கும், ஆனா பாத்தா நமக்கே மூச்சு முட்டும்.

டென்னியல் படத்துல ஜன்னல் இருக்கு, ஒரு கை அது வழியா வெளிய போகுது, தலை கூரைல இடிக்குது. அந்த ரூம அளந்து கட்டின மாதிரி வரைஞ்சிருக்காரு. அதனால ஒரு பெரிய பொண்ணு ஒரு சின்ன ரூம்ல மாட்டிக்கிட்டான்னு நம்ம மூளை கணக்கு போட ஆரம்பிச்சுடும், கணக்கு போட ஆரம்பிச்சதும் பயம் பாதி குறைஞ்சுடும். அவ முகமும் அழுமூஞ்சியா இல்லாம, என்னடா இது தொல்லைங்கற மாதிரி.

அதே சீன், அதே எழுத்து. ஒரு படத்துல கெட்ட கனவு, இன்னொண்ணுல சங்கடமான நிலைமை. எழுத்துல இருக்கற அந்த உணர்ச்சி காட்டாத குரலுக்கு டென்னியல்தான் பொருத்தம், ஆனா கரோல் படத்தப் பாத்தப்புறம்தான் அந்தக் குரலுக்கு அடியில என்ன இருக்குன்னு புரியும்.

கம்பளிப்புழு படத்துல மூக்கும் வாயும் தெரியுதே, புழுவுக்கு ஏது மூக்கு?

நல்லா உத்துப் பாருங்க. காளான் மேல ஹுக்கா பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கற அந்தப் புழுவுக்கு மூக்கு, தாடைன்னு நாம நினைக்கறது ரெண்டும் அதோட காலுங்க. வயசான ஆசாமி ஒருத்தரோட பக்கவாட்டு முகம் மாதிரி தெரியும், நிஜமா பாத்தா வெறும் பூச்சிதான். டென்னியல் முகத்தக் காட்டாமலேயே முகம் இருக்கற மாதிரி நம்ப வெச்சுட்டாரு. பசங்க இதத் தாங்களாவே கண்டுபிடிச்சா விடவே மாட்டாங்க, வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் காட்டுவாங்க, அதனால முன்னாடியே சொல்லிடாதீங்க.

தொப்பிக்காரர் தொப்பில 10/6ன்னு ஒரு சீட்டு இருக்கே, அது என்ன?

விலைச்சீட்டு. பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ். எழுத்துல அந்தச் சீட்டு பத்தி எதுவும் இல்ல. கோர்ட்ல ராஜா தொப்பியக் கழட்டச் சொன்னதும், இது என்னோடது இல்ல, விக்கறதுக்கு வெச்சிருக்கேன்னு தொப்பிக்காரர் சொல்லுவாரு. அந்த ஒரு வரியத்தான் டென்னியல் சீட்டா மாத்தி டீ பார்ட்டிலயே குத்தி வெச்சுட்டாரு. அப்போ அந்த புக்கோட விலை ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ், தொப்பிதான் காஸ்ட்லி! பக்கத்துல உக்காந்திருக்கற மார்ச் முயல் தலையில வைக்கோல் இருக்கும், அதுவும் எழுத்துல கிடையாது. அந்தக் காலத்து இங்கிலாந்துல வைக்கோல் தலைன்னா பைத்தியம்னு அடையாளம், அப்போ பாத்தவங்களுக்கு விளக்கமே தேவைப்பட்டிருக்காது.

பூனை மறையற இடம் எல்லாருமே சொல்றாங்களே, அதுல அப்படி என்ன?

அது வரைஞ்சதோட மட்டும் முடியற விஷயம் இல்ல, தாள்ல எந்த இடத்துல வெச்சாங்கங்கறதும் சேர்ந்தது. அந்தப் படங்க மரக்கட்டையில செதுக்கினது, டால்சியல் சகோதரர்கள் பட்டறையில. மேடா நிக்கற கட்டைங்கறதால ஈய எழுத்தோட சேத்து ஒரே சமயத்துல அச்சடிக்கலாம். அதனால படத்துக்குன்னு தனிப் பக்கம் ஒதுக்காம எழுத்துக்கு நடுவுலயே, ஓரமா, எல் வடிவத்துலன்னு எப்படி வேணா நுழைக்க முடிஞ்சுது. முதல் பதிப்புல மரத்து மேல முழுப் பூனை ஒரு பக்கம், தாளத் திருப்பினா அதே இடத்துல பாதி கரைஞ்சு சிரிப்போட நிக்கற பூனை. தாளத் திருப்பறதுதான் பூனைய மறைய வெக்குது. இன்னிக்கு மலிவு பதிப்புங்கள்ல இந்த ரெண்டு படத்தையும் அவங்க இஷ்டத்துக்கு எங்கயோ கொண்டு போய் ஒட்டியிருப்பாங்க, படம் இருக்கும், வித்தை இருக்காது.

ஆலிஸோட ரெண்டாவது கதையில, 1871 கடைசில வந்த 'த்ரூ தி லுக்கிங் கிளாஸ்'ங்கற கண்ணாடி கதையில, இதையே இன்னும் நல்லா பண்ணாங்க. ஆலிஸ் கண்ணாடிக்குள்ள நுழையற படம் தாளோட முன்பக்கம், அந்தப் பக்கம் வெளிய வர்ற படம் அதே தாளோட பின்பக்கம். அந்தத் தாள்தான் கண்ணாடி.

முதல் அச்சு வாபஸ் வாங்கினாங்களாமே? உண்மையா?

உண்மை. 1865ல ஆக்ஸ்ஃபோர்டுல 2000 பிரதி அடிச்சாங்க, படங்க அச்சு சரியில்லன்னு டென்னியல் ஆட்சேபம் பண்ணாரு, கரோல் தன் கைக்காசு போயும் பரவாயில்லன்னு அத்தனையும் நிறுத்திட்டு வேற அச்சகத்துல புதுசா அடிக்க வெச்சாரு. அச்சான தாளெல்லாம் அப்புறம் அமெரிக்காவுல வித்தாங்க. படத்துக்காக ஒரு முழுப் பதிப்ப நிறுத்தற எழுத்தாளர் எத்தனை பேர் இருக்காங்க சொல்லுங்க.

"தலைய வெட்டு"ன்னு ராணி கத்திக்கிட்டே இருக்காளே, பசங்க பயப்பட மாட்டாங்களா?

பெரும்பாலும் சிரிக்கத்தான் செய்வாங்க, அதுக்குக் காரணம் படம். தலைவெட்டற படம் ஒண்ணு கூட இல்ல, பாத்திருக்கீங்களா? ராணி குண்டா, சீட்டுக்கட்டு டிசைன் போட்ட கவுன்ல, விரல நீட்டிக்கிட்டு கத்தறா, எதிர்ல ஆலிஸ் கையக் கட்டிக்கிட்டு அசையாம நிக்கறா. சீட்டுக்கட்டுன்னு படம் ஞாபகப்படுத்திக்கிட்டே இருக்கு. யாரையும் வெட்டறதே இல்ல, எல்லாம் அவளோட கற்பனைன்னு பின்னாடி கிரிஃபனும் சொல்லிடும். கரோலுக்கோ மனசுல ராணி கண்ணுமண்ணு தெரியாத கோபத்தோட உருவம், 1887ல எழுதின ஒரு கட்டுரையில அவரே அப்படித்தான் சொல்றாரு. எழுத்துல இருக்கற அந்த ஆங்காரத்த டென்னியல் ஒரு படி இறக்கி வெச்சாருன்னு சொல்லலாம்.

சில பசங்க பயப்படத்தான் செய்வாங்க, அதுவும் டச்சஸ்ங்கற சீமாட்டி வீட்டு சமையல்கட்டுல குழந்தைய தூக்கி எறியற இடம். அது டென்னியல் கையிலயும் அசிங்கமாதான் இருக்கு. பக்கத்தத் திருப்பிட்டுப் போங்க, ஒண்ணும் குடிமுழுகாது.

இதெல்லாம் எழுதினவருக்குத் தோணிச்சா, இல்ல நாமளா இட்டுக்கட்டறதா?

நல்லாவே தோணிச்சு. கண்ணாடி கதைக்கு முகப்புல ஜாபர்வாக்ங்கற ராட்சசன் படத்தப் போடறதாத்தான் இருந்துச்சு. நீள கழுத்து, நகம், ரெக்கைன்னு டென்னியல் வரைஞ்சதப் பாத்து கரோலுக்கு சந்தேகம் வந்துடுச்சு. சுமார் முப்பது அம்மாக்களுக்குப் படத்தோட லெட்டர் போட்டாரு, இது ரொம்பப் பயங்கரமா இருக்கா, முதல் பக்கத்துல வேணாமா, உள்ள தள்ளிடலாமான்னு. கடைசில முகப்புல குதிரை மேல போற வெள்ளை வீரன் வந்தான், ராட்சசன் உள்பக்கம் போனான். அதே படம்தான், ஆனா முதல் பக்கத்துல பாத்தா அது மொத்த கதைக்கும் மிரட்டல், உள்ள ஒரு பாட்டுக்குப் பக்கத்துல பாத்தா பாட்டுல வர்ற ராட்சசன். இடம் மாத்தறதே தொனிய மாத்தும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. ஆமா, அந்த ராட்சசன் பட்டன் வெச்ச வெயிஸ்ட்கோட் போட்டிருப்பான், மறக்காம காட்டுங்க.

எங்க வீட்டுல மூணு வயசு. இந்தக் கதை இப்போ சரிவருமா?

கரோலே அதுக்குன்னு தனியா ஒண்ணு பண்ணியிருக்காரு, 1890ல, அஞ்சு வயசுக்குள்ள இருக்கறவங்களுக்கு. டென்னியலோட இருபது படத்தப் பெருசாக்கி கலர் போட்டு, கதைய மறுபடி எழுதினாரு. முதல் வரியிலயே ஆலிஸ்னு ஒரு பொண்ணு, அவ ஒரு விசித்திரமான கனவு கண்டாள்னு போட்டு உடைச்சுடுவாரு. மூலத்துல கடைசி வரைக்கும் பொத்தி வெச்ச ரகசியம் அது. கனவுன்னு தெரிஞ்சுட்டா அப்புறம் எதுக்குப் பயம்?

அதுக்கப்புறம் கதைய விட படத்தப் பத்திதான் பேச்சே. முயல் நடுங்கறதப் பாக்கணுமா, புக்க இப்படியும் அப்படியும் ஆட்டுங்கறாரு. தாள் மூலைய மடிச்சா பூனை போயி சிரிப்பு வரும்ங்கறாரு. புழுவோட மூக்கு நிஜத்துல காலுன்னு தானே சொல்லிடறாரு. மடியில வெச்சுக்கிட்டு விரலால காட்டறவரோட குரல் அது. ஒரே ஆள், அதே படங்க, குரல் மட்டும் மாறிச்சு, கதையே வேற ஆயிடுச்சு. மூணு வயசுக்கு நல்லாவே போகும். எனக்குக் கேட்டா கொஞ்சம் கொஞ்சல் ஜாஸ்தி, எட்டு வயசுப் பையன்கிட்ட குடுத்தா மூஞ்சியச் சுளிப்பான்.

ஆலிஸோட நீல கவுன் டென்னியல் குடுத்ததா?

1865ல எல்லாமே கறுப்பு வெள்ளை. 1890 சிறுசுங்க பதிப்புல கவுன் மஞ்சள். நீலம் உலகம் பூரா நிலைச்சதுக்கு 1951 டிஸ்னி படம்தான் பெரிய காரணம்.

வேற ஓவியர்கள் வரைஞ்சது எப்படி?

1907ல இங்கிலாந்துல காப்பிரைட் முடிஞ்சதும் ஆளாளுக்கு வரைய ஆரம்பிச்சுட்டாங்க, இன்னிக்கு வரைக்கும் நிக்கல. அந்த வருஷமே வந்ததுல முக்கியமானது ஆர்தர் ராக்கம். பழுப்பு நிறம், முறுக்கின மரங்க, கொஞ்சம் வளந்த, மருண்ட ஆலிஸ். அழகுன்னா அவ்வளவு அழகு, ஆனா அந்த மரங்களப் பாத்தவுடனே இது மர்மக் காடுன்னு முடிவு பண்ணிடுவோம், அப்புறம் எழுத்துல வர்ற கிண்டல் காதுல விழ மாட்டேங்குது. டோவே யான்சன் 1966ல வரைஞ்சதுலயும் அந்த இருட்டு உண்டு, ஆனா அவங்க ஆலிஸ் அந்த இருட்டுக்குள்ள தானா நடந்து போற மாதிரி இருக்கும், எனக்கு ரொம்பப் பிடிச்சது. ரால்ஃப் ஸ்டெட்மன் 1967ல வெள்ளை முயல அவசரமா வேலைக்கு ஓடற நகரத்து ஆசாமியா ஆக்கிட்டாரு, அது பெரியவங்களுக்கான கேலி. ஹெலன் ஆக்ஸன்பரி 1999ல வரைஞ்ச ஆலிஸ் கையில்லாத நீல கவுனும் கேன்வாஸ் ஷூவும் போட்ட சாதாரணப் பொண்ணு, பக்கத்து வீட்டுலேர்ந்து வந்தவ மாதிரி. பயம்ங்கறதே இல்ல. கதை லேசாயிடும், கொஞ்சம் ரொம்பவே லேசாயிடும், ஆனா முதல் தடவ கேக்கற அஞ்சாறு வயசுக்கு அதுதான் நல்லா வேலை செய்யும். சல்வடார் டாலி 1969ல போட்டதும் இருக்கு, அது சுவத்துல மாட்டறதுக்கு, மடியில வெச்சுப் படிக்க இல்ல.

வாசிக்கும்போது ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குரல் வெச்சு நடிக்கலாமா?

ராணிக்குக் கத்துங்க, தப்பில்ல. ஆனா கதை சொல்றவரோட வரிங்கள தயவுசெஞ்சு நியூஸ் வாசிக்கற மாதிரி வாசிங்க. "ஐயோ பாவம் ஆலிஸ், பொந்துல விழுந்துட்டாளே!"ன்னு நீங்க இழுத்தா பசங்க அழுவாங்க, காமெடி பண்ணா அபாயம்னு ஒண்ணு இருந்ததே தெரியாம போயிடும். குறிப்பா அந்த அடைப்புக்குறி வரிங்க, குரலத் தாழ்த்தி வேகமா தாண்டிடுங்க. புரிஞ்சவன் சிரிப்பான்.

படத்த முதல்ல காட்டணுமா, வாசிச்சுட்டுக் காட்டணுமா?

கிரிஃபன் மாதிரி இடங்கள்ல உடனே காட்டணும், எழுத்தே கேக்குது. மத்த இடங்கள்ல நான் வாசிச்சு முடிச்சுட்டு, நீ எப்படி நினைச்சேன்னு கேட்டுட்டு அப்புறம் திருப்பறது. டீ பார்ட்டிக்கு இது அருமையா போகும், ஏன்னா பசங்க எல்லாரையும் தள்ளித் தள்ளி உக்கார வெப்பாங்க, படத்துலயோ அவ்வளவு பெரிய மேசையில மூணு பேரும் ஒரே மூலையில நெருக்கிக்கிட்டு, தூங்கற எலி மேல முழங்கைய ஊனிக்கிட்டு இருப்பாங்க. எழுத்துலயும் அப்படித்தான் இருக்கு, காதுல விழுந்திருக்காது.

சரி, எதத்தான் வாங்கறது?

ஏழெட்டு வயசுக்கு மேலன்னா டென்னியல், அதுவும் 42 படமும் இருக்கற, எழுத்துக்குள்ளயே படம் வர்ற பதிப்பு. கடையில கையில எடுத்ததும் ஆறாவது அத்தியாயக் கடைசியத் திறந்து பூனை ரெண்டும் எங்க இருக்குன்னு பாருங்க, அடுத்தடுத்த தாள்ல ஒரே இடத்துல இருந்தா யோசிக்காம வாங்கிடலாம். படங்க மங்கலா, கோடெல்லாம் ஒட்டிப் போயி இருந்தா வெச்சுடுங்க, அது எங்கயோ ஸ்கேன் பண்ணி அடிச்சது. அதவிட சின்னவங்கன்னா ஆக்ஸன்பரி. கரோல் தானே வரைஞ்ச படங்களுக்குக் காசு குடுக்க வேண்டியதில்ல, அந்தக் கையெழுத்துப் பிரதிய பிரிட்டிஷ் லைப்ரரி ஸ்கேன் பண்ணி ஆன்லைன்ல போட்டாங்க, இப்போ கிடைச்சா பெரிய ஸ்க்ரீன்ல திறந்து அந்த ரூம் படத்த மட்டுமாவது பாருங்க.